சைடு லாக் போட்டேன்

1

இது கதையாகப் பிறந்த கதை இல்லை. ஒரு வாரப் பத்திரிகையின் வாகனப் பக்கத்துக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறீர்களா? திருடு போகாமல் காக்க எளிய வழிகள்!' ஆச்சரியக்குறி கூட அவர்களுடையதுதான்.

சரி, இதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்தேன். வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். எத்தனை அவசரமானாலும் ஹேண்டிலைத் திருப்பி சைடு லாக் போடுங்கள். சக்கரத்துக்குத் தனியாக ஒரு பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதுவரை கை தங்குதடையில்லாமல் ஓடியது. அடுத்தது ரகசிய ஸ்விட்ச். வண்டியில் யார் கண்ணுக்கும் படாத மூலையில் சின்னதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதை அணைத்துவிட்டால், சாவியே கையில் இருந்தாலும் வண்டி கிளம்பாது. இதையும் எழுதிவிட்டு அடுத்த வரி எழுதினேன்:

'ஸ்விட்ச் இருக்கும் இடத்தை நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் சொல்லிவையுங்கள்.'

அங்கே கை நின்றுவிட்டது. நாளைக்கே அந்த வண்டி காணாமல் போகிறது என்று வையுங்கள். முதலில் யார் பெயர் அடிபடும்? அந்த நம்பிக்கையானவர்களின் பெயர்தானே! எதிர்வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, அவர் நிம்மதியாகத் தூங்குவார். நீங்கள் நம்பினீர்களே, அந்த ஒருத்தன் மாட்டினான்.

அரைப் பக்கம் அப்படியே கிடக்கிறது. பத்திரிகைக்காரரும் போன் பண்ணிப் பண்ணி ஓய்ந்துவிட்டார். அந்த வரிக்குக் கீழே சகினா என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள், எழுந்து போகமாட்டேன் என்கிறாள்.

2

எங்கே தொடங்குவது? முதலில் இப்படி எழுதினேன்:

'மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிய கூட்டம் சகினாவை ரங்கநாதன் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு—'

அடித்துவிட்டேன். ரயிலில் வருகிறவளுக்கு வண்டியை எங்கே நிறுத்துவது என்கிற கவலை எதற்கு? அடுத்து:

'திருடு போன வண்டி கறுப்பு நிறம். ஷரஃபுதீன் அதை வாங்கிய அன்றைக்கு சைதாப்பேட்டை மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம்—'

இதுவும் வேண்டாம். பாய் வீட்டு வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமா என்று நீங்கள் கேட்பீர்கள். (வைத்தார்கள். ஷோரூமில் அவர்களாகவே வைத்து, ஏறிப் போங்க சார் என்றார்கள். ஷரஃபுதீனும் ஏறிப் போனார். ஆனால் அது வேறு கதை.) மூன்றாவது தடவை, சுற்றி வளைக்காமல்:

சகினாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தம்பி. பெயர் தல்ஹா. இரண்டு வருடமாக அவன் அவள் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. வருகிற மாதம் அவள் மகள் சிம்ராவுக்கு நிக்காஹ். அதற்குள் அவனைக் கூட்டி வரவேண்டும்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இனிமேல் சகினாவின் பின்னாலேயே போகிறேன், நீங்களும் வாருங்கள்.

3

ஷரஃபுதீனுக்கு ஜன்னல் திரை மாட்டுகிற வேலை. ஆழ்வார்பேட்டை, அடையாறு, தி.நகர் என்று வீடு வீடாகப் போய் அளவெடுப்பார், துணி தைத்து வந்ததும் கம்பியோடு கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவார். நீளநீளமான கம்பிகளை வண்டியின் ஓரத்தில் கட்டிக்கொண்டு அண்ணா சாலையில் அவர் போவதைப் பார்த்தால் நாம்தான் ஒதுங்கி வழி விடுவோம். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், ஆட்டோ கட்டுபடியாகாது. வண்டி இல்லாவிட்டால் அவர் வீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால்தான் தல்ஹா அந்த ஸ்விட்ச்சை வைத்துக் கொடுத்தான். ஆழ்வார்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன் அவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டெஸ்டர், டேப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சகினா வீட்டுக்கு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து வேலையை முடித்தான்.

"மச்சான், இது நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. சிம்ராகிட்ட கூட சொல்லாதீங்க, அவ ஊருக்கே சொல்லிடுவா" என்றான்.

"எங்கேடா வெச்சே? நானும் தேடிப் பார்க்கறேன், கைக்கு ஆப்பிடல" என்று சகினா குனிந்து குனிந்து பார்த்தாள். அவன் அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான்.*

அந்த வண்டிக்கு இரண்டு சாவி. ஒன்று ஷரஃபுதீனிடம். இன்னொன்று வீட்டில். லீவு நாளில் தல்ஹா வந்து அதை எடுத்துக்கொண்டு பீச் வரை ஒரு சுற்று போய்விட்டு வருவான். யாரும் யாரையும் கேட்டதில்லை.

வண்டி போனது ஒரு ரமலான் கடைசியில். தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், பட்டப்பகலில். (தெருப் பெயர் எதற்கு, விடுங்கள்.) ஒரு கடையில் அளவெடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், வண்டி இருந்த இடத்தில் வேறு வண்டி நிற்கிறது. ஷரஃபுதீன் அந்த வரிசையை மேலும் கீழும் நடந்து பார்த்தார். பிறகு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் வீட்டில் வந்து சொன்னபடி எழுதுகிறேன்.

"சைடு லாக் போட்டீங்களா?"

"போட்டேன் சார்."

"வேற பாதுகாப்பு?"

"சீக்ரெட் ஸ்விட்ச் இருக்கு சார்."

"யாரு வெச்சது?"

"என் மச்சினன்."

"இன்னொரு சாவி?"

"வீட்ல."

"யார் யார் எடுப்பாங்க?"

ஷரஃபுதீன் கொஞ்சம் தயங்கியிருக்கிறார். அந்தத் தயக்கமே போதுமாக இருந்திருக்கிறது.

"லாக்கை உடைச்ச துண்டு ஒண்ணும் கீழ இல்ல, சத்தமும் யாரும் கேக்கல. சாவி வெச்சிருக்கிறவன் வேலைதான் பாய் இது. வெளியில தேடாதீங்க" என்றாராம் அந்த அதிகாரி.

மறுநாள் தல்ஹாவைக் கூப்பிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நோன்போடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். அடிக்கவில்லை. இன்னொரு சாவி சகினா வீட்டில் பத்திரமாக இருந்தது. அவன் வேலையில் இருந்ததற்கு ஒர்க்‌ஷாப் முதலாளி சாட்சி. ஆனால், நகல் சாவி செய்ய எவ்வளவு நேரம் ஆகும், கூட்டாளிக்கு ஸ்விட்ச் இருக்கும் இடத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதையும் கேட்டார்கள். கடைசியில் ஒன்றும் இல்லை, போ என்று விட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து அவன் நேராக சகினா வீட்டுக்குத்தான் வந்தான். எல்லா வருடமும் அக்கா வீட்டில்தான் அவனுக்கு நோன்புக் கஞ்சி. சகினா கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள், வடை வைத்தாள். என்ன கேட்டார்கள், எப்படி நடத்தினார்கள் என்று அவளும் கேட்கவில்லை, ஷரஃபுதீனும் கேட்கவில்லை. தல்ஹா கை கழுவிவிட்டு வந்தபோது, டிவி மேல் சிம்ரா கழற்றி வைத்திருந்த கம்மலை எடுத்துக்கொண்டு சகினா உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

இந்தக் கம்மலை எழுதுவதற்கு முன்னால் நான் வெகுநேரம் யோசித்தேன். சந்தேகம் கணவனுக்கு மட்டும்தான், அக்கா வெள்ளை மனசு என்று எழுதியிருந்தால் உங்களுக்கும் பிடித்திருக்கும், எனக்கும் வேலை மிச்சம். சகினா விடமாட்டேன் என்றாள். 'நான் எப்பவும் எடுத்து வெக்கறதுதான்' என்று முதலில் சொன்னாள். அப்புறம், 'எப்பவும் உடனே எடுத்து வெக்கமாட்டேன்' என்றாள்.

அதற்குப் பிறகும் ஒரு தடவை அவன் வந்தான். ஷரஃபுதீன் தவணையில் வேறு வண்டி எடுத்திருந்த சமயம். வாசலில் நின்று அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஸ்விட்ச் வெச்சுத் தரட்டா மச்சான்?" என்று கேட்டான்.

"வேணாம்பா. வெளியில வெச்சாச்சு" என்றார் ஷரஃபுதீன்.

தல்ஹா தலையாட்டினான். டீ குடித்தான். சிம்ராவின் தலையில் தட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான், அதற்கப்புறம் வரவில்லை.

* இடத்தை உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் நம்பிக்கையானவர்கள் ஆகிவிடுவீர்கள்.

4

இனி தல்ஹா. வண்டியை எடுத்தது அவனா?

எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்று நீங்கள் கோபப்படலாம். தெரிந்துகொள்வது பெரிய காரியமே இல்லை, ஒரு வரி எழுதினால் முடிந்தது. எழுதியும் பார்த்தேன்:

'புறநகரில் பிடிபட்ட வண்டித் திருட்டுக் கும்பல், தி.நகரில் ஒரு கறுப்பு வண்டியையும் தூக்கியதாக ஒப்புக்கொண்—'

வரியை முடிக்க மனசு வரவில்லை. சகினாவுக்கு இந்த வசதி யார் செய்து கொடுத்தார்கள்? இரண்டு வருடமாக அவள் அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும், எடுத்திருப்பானோ, சேச்சே, அவன் அப்படிப்பட்டவன் இல்லை, ஆனால் எடுத்திருப்பானோ என்று போய்ப் போய் வந்திருக்கிறாள். நான் மட்டும் மேலே உட்கார்ந்துகொண்டு எல்லாம் தெரிந்தவன் மாதிரி இருப்பது என்ன நியாயம்? அவளுக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரியும், உங்களுக்கும் அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல்லலாம். தம்பி வேண்டும் என்று அவள் நினைக்காத நாள் இல்லை. நிக்காஹ் நாள் குறித்த அன்றைக்கு சிம்ரா கேட்டாள்: "மாமாவை நீ கூப்பிடறியா, நான் போய்க் கூப்பிடட்டா?"

"நான் பேசறேன்" என்றாள் சகினா. பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரிந்தால்தானே.

5

நிக்காஹ் துணி எடுக்க ஷரஃபுதீனும் சகினாவும் தி.நகர் வந்தார்கள். வண்டியில்தான் வந்தார்கள். வேறு எங்கேயும் இடம் கிடைக்காமல், பழைய வண்டி போன அதே வரிசைக்கு வந்து நின்றார்கள். சகினா அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

தி.நகரில் வண்டி நிறுத்தியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வண்டி நிற்கிற இடத்தில் இரண்டு நிற்கும். உள்ளே மாட்டிய வண்டியை எடுக்க வேண்டுமானால் முன்னால் நிற்கிறவற்றை ஒவ்வொன்றாக உருட்டி ஒதுக்கவேண்டும். ஹேண்டில் பூட்டியிருந்தால் உருட்ட முடியாது. அதனால் அந்த வரிசைகளைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்வது ஒரே ஒரு வசனம்தான். இந்த வரிசையில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பெயர் லாரன்ஸ். கடைக்காரர்கள் ஒரு கம்பெனி மூலமாக வைத்திருந்த செக்யூரிட்டி. யூனிபார்ம் சட்டை, கழுத்தில் விசில்.

"சைடு லாக் போடாத சார்! ஹேண்டில நேரா வுடு! லாக் போட்டுட்டுப் போய்ட்டீன்னா நான் இன்னா தலையிலயா தூக்கி வெப்பேன்?"

பாருங்கள், பத்திரிகைக்கு நான் எழுதிய இரண்டாவது வழிக்கு நேர் எதிர். பூட்டாதே என்பதுதான் அங்கே சட்டம். பூட்டிவிட்டுப் போகிறவன் அடுத்தவனைப் பற்றிக் கவலைப்படாத மனுஷன் என்று பெயர்.

லாரன்ஸ் ஷரஃபுதீனைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாய்! வா வா. எத்தினி நாளாச்சு! இப்டி ஓரமா போடு. நீ லாக் போட்டுக்கோ பாய், உன்னாண்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஷரஃபுதீன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "பரவால்ல, பரவால்ல" என்று அவசரமாகச் சொன்னார். அதற்குள், இப்போதுதான் லாரன்ஸிடம் திட்டு வாங்கி ஹேண்டிலை நேராக்கிய ஒரு இளைஞன் எகிறினான்.

"அவருக்கு மட்டும் இன்னாண்ணா ஸ்பெஷலு? எங்க வண்டி வண்டி இல்லியா?"

"அவரு கதை தெரியுமா உனுக்கு? இதே எடத்துலதான் அவரு வண்டி திருடு பூட்ச்சு. நான்தான் சொன்னேன், சைடு லாக் போடாத பாய், கூட்டமா கீதுன்னு. போட்ட லாக்கை எடுத்துட்டுப் போனாரு மனுசன், என் பேச்சைக் கேட்டு! அல்வா மாதிரி உருட்டிக்கினு போய்ட்டானுங்க. போலீஸ் வந்து நிக்கசொல்லோ எனுக்குக் கை காலே ஓடல. பாய் என் பேரை இழுத்து வுடலியே! இழுத்திருந்தாருன்னா அன்னிக்கே என்னை வூட்டுக்கு அனுப்பிருப்பானுங்க. அதான், பாய்க்கு மட்டும் பர்மிசன். போதுமா?"

இளைஞன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். லாரன்ஸ் சகினாவின் பக்கம் திரும்பினார்.

"இந்த மாரி மனுசன் கெடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்க்கா."

சகினா, "ஆமாங்க" என்றாள். ஷரஃபுதீன் வண்டியைப் பூட்டுவதா விடுவதா என்று தெரியாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

[ஆறாம் பகுதி இருந்தது. ஜவுளிக் கடைக்குள், சரிகை பார்டர்களுக்கு நடுவில் சகினா அழுதாள். நான்கு விற்பனைப் பெண்கள் தண்ணீர் கொண்டு வந்தார்கள். எடுத்துவிட்டேன். உண்மையில் அவள் அழவில்லை. சிம்ராவுக்குப் பச்சை, சம்பந்திக்கு மெரூன் என்று சரியாகப் பார்த்து எடுத்தாள். ஷரஃபுதீன் எது கேட்டாலும் துணியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.]

7

திரும்பி வரும்போது சி.ஐ.டி. நகர் தாண்டியதும், "சிம்ரா அத்தா, வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

ஷரஃபுதீன் நிறுத்தினார். மரத்தடி, பக்கத்தில் ஒரு இளநீர் வண்டி. இருவரும் இறங்கவில்லை. அவள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"லாக் போட்டேன்னு ஏன் சொன்னீங்க?"

"அந்த ஆளு வேலை போயிருக்கும் சகினா. ரெண்டு பொண்ணு வெச்சிருக்கான்."

"அதுக்காகவா சொன்னீங்க?"

ஷரஃபுதீன் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார். "இல்ல" என்றார். "அது அப்புறம் நானா நெனச்சுக்கினது. அன்னிக்கு ஸ்டேஷன்ல அவரு கேட்டவுடனே வாயில வந்துருச்சு. போடலன்னா, இவ்ளோ அசால்ட்டா இருந்துட்டு இங்க வந்து நிக்கறியாம்பாரு. போட்டேன்னுட்டேன். அதுக்கப்புறம் அவரு ஒண்ணொண்ணா கேக்கறாரு, நான் ஒண்ணொண்ணா சொல்றேன். சொன்னதெல்லாம் நெஜம் சகினா. ஆனா எல்லாம் தல்ஹாகிட்ட போய் நிக்குது. அந்த நேரத்துல, சார் லாக் போடலன்னு எப்பிடிச் சொல்றது?"

"அவன் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது. அல்லா சத்தியமா தெரியாது." இப்போதுதான் அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "போட்டேன் போட்டேன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே போட்ட மாதிரி ஆயிருச்சு. போட்டிருந்தா அவன்தானே எடுத்திருக்கணும்? அப்பிடியே நெனைக்க ஆரம்பிச்சுட்டேன்."

"அவனை அந்த பெஞ்சில உக்கார வெச்சாங்களே."

"நான் அவன் பேர்ல கம்ப்ளைண்ட் குடுக்கலியே. ஒரு வார்த்தை அவனைத் தப்பா சொல்லல."

"அவன் இல்லன்னும் சொல்லல நீங்க."

இளநீர்க்காரர், வெட்டட்டுமா என்று சைகையில் கேட்டார். ஷரஃபுதீன் வேண்டாம் என்று கை காட்டினார். நானும் சொல்லலியே என்று சகினா நினைத்தாள்.

இந்த இடத்தில் ஷரஃபுதீனை நாலு வார்த்தை திட்டி எழுத வேண்டும் என்று எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் என்னவென்று திட்டுவது? கெட்டவர் இல்லை. உறவில்லாத ஒருத்தனின் பிழைப்பு அவர் வாயை மூடியதால் பிழைத்தது, அவனும் இன்றைக்கு நடுத்தெருவில் நின்று வாயார வாழ்த்துகிறான். அதே வாயைத் திறந்ததால்தான் சொந்த மச்சினன் கெட்டான். ஒரே ஒரு பொய், அதுவும் ஒருத்தர் மேலும் பழி சொல்லாத பொய். தான் முட்டாளாகத் தெரியக்கூடாது என்று யாரும் சொல்லக்கூடியது. எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

8

இரண்டாவது வரைவில் ஷரஃபுதீனே ஆழ்வார்பேட்டைக்குப் போனார். நந்தனம் சிக்னல் வரை போனார். பச்சை விழுந்தும் நின்றார், பின்னால் ஹாரன் அடித்தார்கள், யூ-டர்ன் எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டார். அதை அடித்துவிட்டேன். போயிருக்க வேண்டியவர் அவர்தான் என்று சகினாவுக்கும் தெரியும். "நானும் வரட்டா?" என்று மட்டும் கேட்டார். "வேணாம், நான் பாத்துக்கறேன்" என்று கிளம்பினாள்.

கையில் கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்து அனுப்பலாமா? அப்படித்தான் எழுதியிருந்தேன். பிறகு அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். பத்திரிகை இருந்தால் நீட்டிவிடுவாள். அவனும் வாங்கிக்கொள்வான். மண்டபம் எது, மாப்பிள்ளை என்ன வேலை என்று பேச்சு போய்விடும். நிக்காஹ் அன்றைக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, வெளியாள் மாதிரிப் போய்ச் சேருவான். எழுதுகிறவனுக்கும் அது சௌகரியம், அதனால்தான் வேண்டாம் என்றேன். வெறுங்கையோடு போகிறாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தாள். நானும் கூடவே எழுதி எழுதி அடித்தேன்.

'தல்ஹா, நீ எடுக்கலன்னு இப்ப தெரிஞ்சுருச்சுடா.'

இப்போதுதான் தெரிந்தது என்றால், இத்தனை நாள் என்ன நினைத்தாய்?

'நான் ஒருநாளும் உன்னைச் சந்தேகப்படல.'

கம்மல்.

'எல்லாம் உன் மச்சான் சொன்ன பொய்யாலதான்—'

இது சுலபம், உண்மையும் கூட. ஆனால் புருஷனை முன்னால் தள்ளிவிட்டு அவள் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அடுத்த மாதம் மருமகன் வீட்டார் முன்னால் தலை நிமிர்ந்து உட்கார வேண்டிய மனுஷன் அவர்.

'நடந்தது நடந்துபோச்சு, மனசுல வெச்சுக்காத.'

அட, போங்கள். வைத்துக்கொள்ளும்படி செய்தவர்கள் சொல்கிற பேச்சா இது? *

மன்னிப்புக் கேட்பதில் இருக்கிற சங்கடம் இதுதான். அவள் வாய் திறந்து ஒருநாளும் தம்பியைத் திருடன் என்று சொன்னதில்லை. சொல்லாத சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? மன்னிச்சுடு என்று சொன்னால், அப்போதுதான் அவள் அவனை முதல் தடவையாகத் திருடன் என்று சொன்னதாக ஆகும்.

* சகினாவும் இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து சீட் அம்மாள் தன்னிடம் பேசுகிறாளோ என்று திரும்பி, "இன்னாம்மா?" என்றார். "ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

9

மத்தியானம். ஆழ்வார்பேட்டையில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் அந்த ஒர்க்‌ஷாப். வாசலில் சீட் கழற்றிய வண்டிகள், வயர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஸ்கூட்டருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, டெஸ்டர் பல்பைப் பல்லில் கடித்தபடி தல்ஹா வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தாடியில் அங்கங்கே நரை. இந்த வயசிலா என்று சகினா நினைத்தாள். உள்ளே போகவும் முடியாமல், கூப்பிடவும் முடியாமல் சந்து ஓரமாக நின்றாள்.

தல்ஹாதான் நிமிர்ந்து பார்த்தான்.

பல்பு வாயிலிருந்து விழுந்தது. "அக்கா!" என்று எழுந்தான். பனியன் துணியால் கையைத் துடைத்தான், துடைத்த துணியாலேயே ஒரு ஸ்டூலைத் துடைத்தான், அதைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கிப் பாதி ஓட்டமாக வந்தான். அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஸ்டூலைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டான்:

"வண்டி கெடச்சிருச்சாக்கா?"

சத்தியமாக, இதை நான் யோசித்து வைக்கவில்லை. அவள் என்ன சொல்வாள் என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவன் முதலில் பேசுவான் என்று தோன்றவே இல்லை. பறிகொடுத்தவரை விடவும் அந்த வண்டிக்காக அதிகம் காத்திருந்தவன் இவன்தான். அது கிடைத்தால்தான் அக்கா வருவாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்கு அவள் மேல் கோபமில்லை, குறையுமில்லை. வந்துவிட்டாள், அப்படியென்றால் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் அவன் கணக்கு.

சகினா என்ன பதில் சொல்வாள்?

'ஆமாடா, கெடச்சிருச்சு' என்று சொல்லலாம். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். எங்கே, எப்படி என்று கேட்பான், அதற்கும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஷரஃபுதீன் தலை குனிய வேண்டாம், லாரன்ஸ் வேலை போகாது. தல்ஹா இன்றைக்கே அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருவான், சிம்ரா ஓடிவந்து கட்டிக்கொள்வாள்.

'இல்லடா, கெடைக்கல' என்றும் சொல்லலாம். அப்படியானால் ஏன் வந்தாய் என்று அவன் கேட்கமாட்டான். கேட்காமல் நிற்பான். அப்போது அவள் எல்லாவற்றையும் சொல்லவேண்டும், புருஷனுடைய பொய்யில் ஆரம்பிக்காமல், அன்றைக்கு நோன்பு திறந்த நேரத்தில் தான் செய்ததிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அதற்குப் பிறகு அவன் வருவானா என்று எனக்குத் தெரியாது.

இரண்டையும் எழுதிவிட்டேன். இரண்டும் என் முன்னால்தான் இருக்கின்றன, எதையும் உங்களுக்குத் தரப்போவதில்லை. முதலாவதைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது, அதனாலேயே அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க, கூடப் பிறந்தவளைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை.

ஆகையால் சகினாவின் இடத்தில், அந்த ஸ்டூலில், நீங்கள் உட்காருங்கள். உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறான். கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள், பாவம், இன்னும் சிரித்துக்கொண்டே நிற்கிறான்.